கலங்கலுக்குக் கீழே குடியிருக்கிறோம்

(செம்பாக்கம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையில் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நமது மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பாதுகாப்புப் பணியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து நம்மோடு இருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, பிள்ளைகளின் கோலாட்டத்தைப் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்து மேடையேற்றிய தலைமையாசிரியை அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த உரிமையாளர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளே, அடுக்களையில் நின்றபடியே இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

போன ஆண்டு இதே மேடையில் பேசிய மருத்துவர் ஐயாவை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயைப் பற்றி அவர் பேசிய பிறகுதான் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருவோர் கூட்டம் பெருகியது. ஒரு நல்ல பேச்சு ஒரு தெருவையே நடக்க வைக்கும் என்று காட்டியவர் அவர். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். நன்றி.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘நம் ஊர், நம் வாழ்வு’. இதில் நான்கு செய்திகளைச் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, பக்கத்து வீட்டு உறவு. இரண்டு, தனியாக வாழும் முதியோரின் பாதுகாப்பு. மூன்று, பிள்ளைகளுக்கு ஒரு நூலகம். நான்கு, தண்ணீர். இந்த நான்கையும் கோத்து நிற்கும் ஒரு பழமொழி உண்டு. என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் கரும்பலகையின் மேல்மூலையில் நான் எழுதிவைத்த பழமொழி அது: வெள்ளம் வருமுன்னே அணை போடு.

முதலில் நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இது நேற்று முளைத்த புறநகர் இல்லை. பக்கத்திலிருக்கும் பல்லாவரத்தில்தான் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது, படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற தூங்கானை மாட வடிவம் கொண்டது. திருநீர்மலையில், மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதையை நான் கேட்கும்போதெல்லாம் ஆழ்வாரின் பக்தியோடு சேர்த்து இன்னொன்றும் மனத்தில் படும். இந்த வட்டாரம் அன்றைக்கே தண்ணீருக்குச் சொந்தமான நிலமாக இருந்திருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. ரயிலைத் தொடர்ந்து மனைகள் வந்தன. மனைகளைத் தொடர்ந்து நாம் வந்தோம். 2021 நவம்பர் 3-ஆம் தேதி ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆனது. நம் செம்பாக்கமும் அந்த ஐந்து நகராட்சிகளில் ஒன்று.

சரி, பக்கத்து வீட்டு உறவுக்கு வருகிறேன். அதற்கு ஒரு கல்யாணக் கதை சொல்ல வேண்டும். உங்களில் பலர் அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள்.

2015 டிசம்பர் மாதத் தொடக்கம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய நாட்கள். எங்கள் தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருந்த அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தெருவுக்கே பிள்ளை மாதிரி வளர்ந்த பெண். மாப்பிள்ளை மதுராந்தகம் பக்கம். மண்டபம் மெயின் ரோட்டில். முதல் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், மண்டபத்துக்குள் இடுப்பளவு தண்ணீர், மணமேடையின் வாழைமரம் மட்டும் தனியாக மிதக்கிறது! அக்கா வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். ‘தேதியைத் தள்ளி வெச்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?’ என்கிறார்.

அப்போது எதிர்வீட்டு பாய், உயரமான மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். ‘ஏம்மா அழறே? என் வீட்டு மாடி ஹால் காலியாத்தானே கெடக்கு? அங்க வெச்சுக்க’ என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் தெரு எழுந்து நின்றது. ஒரு வீட்டிலிருந்து ஜமக்காளம், ஒரு வீட்டிலிருந்து குத்துவிளக்கு, இன்னொரு வீட்டிலிருந்து கேஸ் சிலிண்டர். கரண்ட் இல்லை. மாவு அரைக்க வழியில்லை என்று இட்லியை விட்டுவிட்டு உப்புமாவும் கேசரியும் போடுவது என்று சமையல் மாஸ்டர் முடிவு செய்தார். மளிகைச் சாமான்களைப் பெரிய அண்டாவில் வைத்து, நான்கு பையன்கள் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதே அண்டா திரும்பிப் போய் யாரை ஏற்றிக்கொண்டு வந்தது தெரியுமா? ஐயரை! மடியில் ஓமச் சாமான், தலைக்கு மேல் குடை. அண்டா ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் மந்திரம் கொஞ்சம் சத்தமாக வந்தது. நாதஸ்வரக்காரர் பாலித்தீன் பையில் சுற்றிய நாதஸ்வரத்தைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

விடிந்துவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை. போன் கிடைக்கவில்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்போது தெரு முனையில் ஒரு ஹாரன். சரக்கு லாரி! வண்டலூரில் பஸ்ஸை விட்டுவிட்டு, லாரிக்காரரைக் கெஞ்சி, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பட்டுவேட்டி, பட்டுப்புடவையோடு லாரியில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். நாதஸ்வரம் முழங்க, முட்டளவு தண்ணீரில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. தாலி கட்டிய நேரத்தில் கீழே தெருவில் நின்றவர்கள் தண்ணீரில் நின்றபடியே அட்சதை போட்டார்கள். மாடி வரைக்கும் எங்கே போகும்? அத்தனையும் தண்ணீரில்தான் விழுந்தது.

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கதையின் முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய மாப்பிள்ளையின் அப்பா, மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதுராந்தகம் ஏரியின் ஆயக்கட்டில் தலைமுறையாகப் பயிர் வைப்பவர். ஏரி காத்த ராமர் ஊர்க்காரர். அவர் மெதுவாகக் கேட்டார்: ‘சம்பந்தி, உங்க ஏரிக்குக் கலங்கல் எந்தப் பக்கம்? போக்குக் கால்வாய் எது வழியா போவுது?’

அந்த மாடியில் வங்கி அதிகாரி இருந்தார், பொறியாளர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார், ஆசிரியன் நானும் இருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவில் அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் பெயர் தெரியும், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல், அந்த ஏரியின் வாசல், எது என்று மட்டும் தெரியாது.

அவர் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். இரண்டு தெரு தள்ளி, சாலைக்கு அடியில் ஒரு சிறு பாலம். அதன் வாயில் ஒரு பழைய மெத்தை, ஒரு கதவு, தெர்மாகோல், இளநீர்க் கூடுகள், மூட்டை மூட்டையாகக் கட்டட இடிபாடு. கடப்பாரை கொண்டுவந்து, பாலத்துக்கு மேலே நின்றபடி கயிறு கட்டி அந்த மெத்தையை இழுத்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் தெருவில் முட்டளவு தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. வெள்ளம் வந்த பிறகு செய்த வேலை அது. வருமுன்னே செய்திருந்தால் அந்தப் பெண் மண்டபத்திலேயே மாலை மாற்றியிருப்பாள்.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதை இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மழைத் தண்ணீருக்கு இங்கே ஒரு பாதை இருக்கிறது. சேலையூர் ஏரி நிரம்பினால் இராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கு. அதுவும் சிட்லபாக்கம் ஏரியும் நிரம்பினால் நம் செம்பாக்கம் ஏரிக்கு. நம் கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அதே பள்ளிக்கரணைதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் கடல். நம் வீட்டுக் கூரையில் விழும் துளிக்கு இத்தனை ஊர் உறவு! நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே இருப்பவனுக்கு வெள்ளம், கீழே இருப்பவனுக்கு வறட்சி.

சிட்லபாக்கத்து மக்கள் 2019 கோடையில் தாங்களே மண்வெட்டி எடுத்து ஏரியில் இறங்கினார்கள். அந்த நண்பர்களை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். நம் செம்பாக்கம் ஏரியிலும் நல்ல பணி நடந்தது. கரையில் நடைபாதை வந்தது, பறவைகள் வந்தன. ஆனால் ஏரியை மட்டும் அழகுபடுத்திவிட்டு வரத்துக் கால்வாயையும் போக்குக் கால்வாயையும் விட்டுவிட்டால் அது ஏரி இல்லை, குட்டை. என் மனத்தில் பத்து ஆண்டுகளாக எரிந்துகொண்டிருக்கும் செய்தி இதுதான். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் அடுக்குமாடிகளின் கழிவுநீர் இரவோடு இரவாக மழைநீர் வடிகாலுக்குள் திறந்துவிடப்படுகிறது. கால்வாய் ஓரத்தில் கூரை போட்டு வாழும் ஏழையை எல்லோரும் கைநீட்டுகிறார்கள். காம்பவுண்டுச் சுவரை நான்கு அடி தள்ளிக் கட்டியவரை யாரும் கேட்பதில்லை. ஏழைக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். சுவரை முதலில் இடிக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

உத்திரமேரூர் இங்கிருந்து தூரம் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, குடவோலையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், கூடவே ஏரி வாரியம்! ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவன் உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. அன்றைக்கு நிலமும் கல்வியும் உள்ள சிலருக்கு மட்டுமே அந்த உரிமை. இன்றைக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தத்தால் நகரத்து உள்ளாட்சிக்கும் உயிர் கிடைத்திருக்கிறது. கிராம சபை போல நகரத்துக்கும் பகுதி சபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து மக்களோடு உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்கு இப்போது எத்தனை பேர் போகிறோம்? நாற்காலிகள் காத்திருக்கின்றன.

அதனால் ஒரே கோரிக்கை வைக்கிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மையார் முன்னிலையிலேயே வைக்கிறேன். அடுத்த பகுதி சபையில் ஒரு தீர்மானம் வர வேண்டும்: நம் வார்டுக்கு ஓர் ஏரி வாரியம். அதில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அரிசி மூட்டையை மேலே தூக்கி வைப்பது அவர்கள்தான். புல வரைபடத்தைப் பார்த்து, சர்வேயரை வைத்துக் கால்வாயை அளந்து, இருபுறமும் எல்லைக்கல் நட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறப்பதற்குள் பாலங்களின் வாயைத் திறந்து பார்த்து, எந்தப் பாலத்துக்கு எந்த அதிகாரி பொறுப்பு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் தேதியைத் தள்ளி வைக்காது. வெள்ளம் வருமுன்னே அணை போடு என்று சொன்ன நம் முன்னோர், மழைக்காலத்தில் மனுக் கொடு என்று சொல்லவில்லை.

முதியோரைப் பற்றியும் நூலகத்தைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். விழாத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பிள்ளைகளின் பரிசளிப்பு காத்திருக்கிறது. தனியாக வாழும் முதியோர் யார் வீட்டில் தண்ணீர் முதலில் நுழையும் என்ற பட்டியலை அந்த வாரியமே எடுக்கட்டும். நூலகத்தை அடுத்த ஆண்டு விழாவில் விரிவாகப் பேசுவோம்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் சந்தனம், கற்கண்டு வைத்திருக்கும் மேசையிலேயே அந்தத் தாளும் பேனாவும் இருக்கும். பெயர், கதவு எண், தெரு, கையெழுத்து. வாடகை வீட்டில் இருப்போரும் போடலாம், உரிமை எல்லோருக்கும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மெத்தை எடுத்த அந்தச் சிறு பாலத்தருகே கூடுகிறோம். கையுறை சங்கம் தரும். மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கரையில் நின்று கலங்கல் எது, மதகு எது என்று பார்த்துக்கொள்ளட்டும். பாய் வீட்டிலிருந்து டீ வருகிறது.

நன்றி, வணக்கம்.