எந்த ஆப் நல்லது?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையம் வழியாகப் படிப்பதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பெற்றோர்கள் என்னிடம் கேட்பது, "பிள்ளைக்கு எந்த ஆப் நல்லதுங்க?" என்பதுதான். "பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "கணக்கில்" என்பார்கள். கணக்கில் எங்கே? பின்னத்திலா? பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போதா? இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். கிடைத்துவிட்டால், எந்த ஆப் என்ற கேள்விக்கு அவ்வளவாக வேலை இருக்காது. தடுமாறும் இடம் தெரிந்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும் எதுவும் உதவும். தெரியாதவருக்குக் காசு கொடுத்து வாங்கியதும் உதவாது.

பாடப்பொருளுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. 1971-இல் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார். குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூலகம் பிறந்தது அப்படித்தான். காப்புரிமைக் காலம் முடிந்த பல்லாயிரம் நூல்கள் இன்று அங்கே இருக்கின்றன. தமிழ் இலக்கியங்களுக்கு 1998 முதல் அதேபோல மதுரைத் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் வகுப்புகளின் பாடக்குறிப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது, சொன்னபடி செய்தது. 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளங்கள் வந்தபோது, இனிமேல் கல்லூரிக் கட்டடங்களே வேண்டாம் என்று பேசியவர்கள்கூட உண்டு. ஆனால் அந்த வகுப்புகளில் பெயர் கொடுத்தவர்களில் மிகச் சிறு பகுதியினரே கடைசி வரை போனார்கள். தமக்கு வேண்டிய ஒரே ஒரு பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று நான் கணக்கில் வைக்க மாட்டேன். மற்றவர்கள்? கதவு திறந்திருந்தும் உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பியவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கோடைக்காலம் ஏன் வருகிறது? பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று நம்மில் பலர், படித்தவர்களும்தான், மனதுக்குள் வைத்திருக்கிறோம். இப்போது ஒரு மாணவன் தேடுபொறியில் "பருவகாலம்" என்று ஒரே சொல்லைப் போடுகிறான். அகராதிப் பொருள் வரும், படங்கள் வரும், கவிதைகூட வரும். அவனுடைய சந்தேகத்துக்குப் பதில் மட்டும் மேலே வராது. அதையே, "பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்தான் கோடை வருகிறதா" என்று முழுக் கேள்வியாகப் போட்டுப் பார்க்கட்டும். அதே சந்தேகத்தை வேறு யாரோ கேட்டு, யாரோ பதில் எழுதியிருப்பார்கள். நமக்கு வந்த சந்தேகத்தை நமக்கு வந்தபடியே எழுதுவது பாதி வேலை.

தமிழில் தேடினால் சில தலைப்புகளுக்கு விவரம் சீக்கிரம் வற்றிவிடும், உண்மைதான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தத் தலைப்புக் கட்டுரையைத் திறந்து, மொழிகளின் பட்டியலில் ஆங்கிலத்தைத் தொடுங்கள். அதே பொருளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைக்குப் போவீர்கள். முழுதும் படிக்க வேண்டாம், தலைப்பிலும் முதல் பத்தியிலும் இருக்கும் கலைச்சொற்களை மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் நகலெடுக்கலாம். அந்தச் சொல்லைத் தேடுபொறியில் ஒட்டினால் வேறொரு உலகம் திறக்கும். ஆங்கிலம் கடினமாக இருந்தால், எளிய ஆங்கில விக்கிப்பீடியா என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. இதைப் பல ஆசிரியர்களே கவனித்ததில்லை. மற்றச் சின்ன உத்திகளும் உண்டு. தேடும் தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் முன்னால் வரும். வேண்டாத சொல்லின் முன்னால் கழித்தல் குறி இட்டால் அது விலகும்.

சரி, பதில் கிடைத்துவிட்டது. நம்பலாமா?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் போகுமிடமெல்லாம் சொல்வேன். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், பத்திரிகைகளில் உண்மை சரிபார்க்கும் பணியில் இருப்பவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் சில இணையதளங்களைக் காட்டி, நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே இருந்து மேலும் கீழும் படித்தார்கள். அழகான வடிவமைப்பும் கனமான பெயரும் அவர்களில் பலரை ஏமாற்றிவிட்டன. சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியே வந்து, புதிய தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ஆழ்ந்து படி, ஆழ்ந்து படி என்று சொல்லி வளர்த்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. முன்பின் தெரியாத தளத்தை ஆழ்ந்து படிக்கும் முன் அதைவிட்டு வெளியே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

நம் கோடைக் கேள்விக்கே வருவோம். வெளியே போய் இன்னும் இரண்டு இடங்களில் பார்த்தால் ஒரு விவரம் தட்டுப்படும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மிகத் தள்ளி இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். வடகோளத்தில் அந்த ஜூலைதான் கோடை! இந்த ஒரு முரண்பாடு போதும், மாணவன் நிமிர்ந்து உட்கார. பிறகு பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதையும், சூரியன் பக்கம் சாயும் பாதிக்குத்தான் கோடை என்பதையும் சொன்னால் காதில் ஏறும்.

அடுத்தது காணொளி. இங்கேதான் பெரிய மயக்கம் இருக்கிறது. நன்றாக விளக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிவதுபோலவே இருக்கும். புரிந்தது அவருக்கு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அதனால் நான் சொல்வது இதுதான்: காணொளியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். திரையைக் கவிழ்த்து வையுங்கள். கேட்டதைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் மறுபடி பார்க்க வேண்டிய இடம். நாள் முழுக்க அடுத்து, அடுத்து என்று ஓடவிட்டுப் பார்ப்பது நுனிப்புல் மேய்வதுதான், எவ்வளவு நல்ல ஆசிரியர் பேசினாலும்.

திரையில் நாமே அசைத்துப் பார்க்கும் கருவிகளை நான் காணொளிக்கு ஒருபடி மேலே வைப்பேன். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கணினி மாதிரிச் சோதனைகள், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, வானத்துக்கு ஸ்டெல்லேரியம். மாணவர்கள் இவற்றைக் காசில்லாமலே பயன்படுத்தலாம். ஸ்டெல்லேரியத்தில் உங்கள் ஊரைக் குறித்து, ஜூன் மாத நண்பகலையும் டிசம்பர் மாத நண்பகலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். ஒரே ஒரு நிபந்தனை. பொத்தானை அழுத்தும் முன் என்ன நடக்கும் என்று பிள்ளை ஊகித்துச் சொல்லிவிட வேண்டும். ஊகிக்காமல் இழுத்து விளையாடினால் அது விளையாட்டாகவே போய்விடும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் கேட்பீர்கள். விடையைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதினால் படித்தது அந்த இயந்திரம். "இந்தப் பாடத்தில் என்னிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேள், விடையைச் சொல்லாதே" என்று அதை ஆசிரியராக உட்காரவைத்தால் பயன் உண்டு. இல்லாத நூலின் பெயரைக்கூட அது கூசாமல் சொல்லும். அதனால் மேலே சொன்ன, வெளியே போய்ப் பார்க்கும் பழக்கம் இங்கே இரண்டு மடங்கு வேண்டும்.

எங்கள் பக்கம் இணையமே சரியாக வராது என்கிறவர்களுக்குக் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாமலே படிக்கலாம். படங்களோடு கூடிய முழு ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 100 ஜிபி வரும். தமிழ்ப் பதிப்பு அதில் சிறு பங்குதான், கைபேசியிலேயே அடங்கும். ஒரு கணினியில் ஏற்றி வைத்து, வகுப்பறைக்குள் மட்டும் வைஃபை கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அதைத் திறக்கலாம். இறக்குவதற்கு மட்டும், நல்ல இணைப்பு உள்ள யாரிடமாவது ஒருநாள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.