முடிவு தெரிந்த கதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

காதல் நாவல்களை நான் விரும்பிப் படிப்பவள். அவற்றில் பல எனக்குக் கோபமூட்டவும் செய்கின்றன. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

'கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்த கதையை ஏன் படிக்கிறாய்?' என்று கேட்கிறார்கள். துப்பறியும் கதையிலும் கொலைகாரன் பிடிபடுவான் என்பது முன்பே தெரியும். அதை யாரும் இளப்பமாகப் பேசுவதில்லை. சேர்வார்களா என்ற பதைப்பு இல்லாததால்தான், எப்படிச் சேர்கிறார்கள் என்பதை நிதானமாகக் கவனிக்க முடிகிறது. அவன் பேச்சு எங்கே இளகுகிறது, அவள் எந்த இடத்தில் அவனை நம்பத் தொடங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் ஒரு நூல் எழுதினார். கணவன், பிள்ளைகள் என்று ஓயாமல் பிறரைக் கவனித்துக்கொண்டே இருக்கும் தங்களுக்கு, படிக்கும் நேரம்தான் சொந்த நேரம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, கோபம் எங்கே வருகிறது? பல நாவல்களில் வரும் ஒரு காட்சி. அவள் கிளம்புகிறாள். அவன் வாசலை மறித்து நிற்கிறான். மணிக்கட்டை இறுகப் பற்றுகிறான். 'விடுங்கள்' என்கிறாள், விடவில்லை. அடுத்த வரியிலேயே அவளுக்கு உடல் சிலிர்க்கிறது. எழுத்து நன்றாக இருந்தால் எனக்கும் மனம் துள்ளத்தான் செய்கிறது. அதே நேரம், அவள் 'விடுங்கள்' என்று சொன்னது என்ன ஆயிற்று என்றும் கேட்கத் தோன்றுகிறது. அவனுடைய முரட்டுத்தனத்துக்கெல்லாம் கடைசி அத்தியாயத்தில் 'உன் மேல் இருந்த அன்பால்தான்' என்று ஒரே வரியில் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். காதல் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று பதினைந்து வயதில் ஒரு பெண் நம்பிவிட்டால்? அவளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். அந்தக் காட்சியைப் பற்றி அவளோடு பேசுங்கள்.

1813-இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சி முதல் முறை காதலைச் சொல்லும்போதே நாயகி எலிசபெத்தின் குடும்பம் தனக்கு இழுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவள் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறாள். மறுநாள் ஒரு கடிதம் கொடுக்கிறார்; நேற்றைய பேச்சை மறுபடி எடுக்கப்போவதில்லை என்றுதான் அது தொடங்குகிறது. பல மாதங்கள் கழித்து இரண்டாம் முறை கேட்கும்போதும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டேன் என்கிறார். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் வாய் திறக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. வாசலை மறிக்கும் நாயகர்கள் யாரிடமும் எனக்கு அந்தத் தவிப்பு கிடைத்ததில்லை.

நன்றி, வணக்கம்.