மெக்பெத்தை வீழ்த்தியது மெக்பெத்தேதான்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில், அரசனைக் கொன்று அரியணை ஏறிய ஸ்காட்லாந்துத் தளபதி மெக்பெத் அழிந்தது சூனியக்காரிகளாலா, மனைவியாலா, தன்னாலேயா என்பது இன்றைய தலைப்பு. தன்னாலேதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் எல்லாவற்றையும் சூனியக்காரிகள் தலையில் கட்டிவிட்டுப் போனார். முதல் அங்கம், மூன்றாம் காட்சியைப் புரட்டுங்கள். "நீ அரசனாவாய்" என்கிறார்கள், அவ்வளவுதான். அரசன் டங்கனைக் கொல் என்று அவர்கள் வாயில் ஒரு வரி இல்லை. அவர்கள் சொன்ன இன்னொன்றான 'காடர்' என்ற ஊரின் பிரபுப் பட்டம் அவன் விரலைக்கூட அசைக்காமல் வந்து சேர்ந்தது. கிரீடமும் அப்படியே வரட்டும் என்று அவனே ஒரு கணம் நினைக்கிறான். ஆனால் அதற்கு முன்பே கொலை அவன் மனத்தில் வந்துவிட்டது. யார் விதைத்தது?

பக்கத்திலேயே சக தளபதி பாங்க்வோ நிற்கிறான். உன் வம்சம் ஆளும் என்று அவனுக்கும் வாக்குக் கிடைக்கிறது. அவனுக்கும் ஆசை எழாமல் இல்லை. இரண்டாம் அங்கத் தொடக்கத்தில், உறக்கத்தில் வரும் கெட்ட நினைவுகளைத் தடுத்துக் காக்கும்படி தெய்வ சக்திகளை வேண்டுகிறான். வாக்குச் சொன்னது ஒரே வாய்தான். ஒருவன் வேண்டுகிறான், இன்னொருவன் கத்தி எடுக்கிறான். இங்கே ஒரு செய்தி. ஷேக்ஸ்பியருக்குக் கதை தந்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவனைக் குற்றமற்றவனாக்கினார். அன்றைய அரசர் ஜேம்ஸ் பாங்க்வோவைத் தம் முன்னோராகக் கருதியதால் செய்த மாற்றம் என்பார்கள். காரணம் எதுவானாலும், மேடையில் மெக்பெத்துக்குச் சாக்கு இல்லாமல் போனது.

சரி, மனைவி? எதிரணியின் பலமான காட்சி முதல் அங்கத்தின் ஏழாவது. பால் குடிக்கும் குழந்தையைக்கூட மோதிக் கொன்றிருப்பேன் என்று அவள் சொல்லும் இடம். கேட்டால் குலை நடுங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பேச்சின் முதல் வரியை எதிரணித் தோழி படிக்காமல் விட்டுவிட்டார்: இந்தத் திட்டத்தை முதலில் என்னிடம் சொன்னவன் நீதானே என்று கணவனைக் கேட்கிறாள். அதற்கு அவன் பதில் என்ன? "நான் சொல்லவில்லை" என்றா? "தோற்றுவிட்டால்?" என்கிறான்! அவனுடைய கவலை அதுதான். அவளை நேரில் பார்ப்பதற்கு முன்பே, நான்காம் காட்சியில், டங்கனின் மகன் மால்கம் வாரிசாக அறிவிக்கப்பட்டவுடன், என் கறுத்த ஆசை தெரியாதபடி ஒளியை மறைத்துக்கொள்ளுங்கள் என்று நட்சத்திரங்களைக் கேட்டவன் அவன். ஏழாம் காட்சித் தொடக்கத்திலும் ஏமாந்து நிற்கவில்லை. டங்கன் என் உறவினன், என் அரசன், என் வீட்டு விருந்தாளி, நல்லவன் என்று கொல்லக்கூடாத காரணங்களைத் தானே அடுக்குகிறான். தன்னைத் தூண்டுவது பேராசை ஒன்றே என்று அவன் வாயாலேயே சொல்கிறான். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

டங்கனைக் கொன்ற பிறகு மற்றதையெல்லாம் அவன் யாரைக் கேட்டுச் செய்தான்? டங்கனின் காவலர்களை வெட்டியதற்கு ஆலோசனை இல்லை. பாங்க்வோவுக்குக் கொலையாளிகளை ஏவிவிட்டு, "உனக்குத் தெரியவேண்டாம் கண்ணே" என்று மனைவியிடம் மறைக்கிறான். நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகளைத் தேடிப் போகிறவனும் அவனே. அங்கே எழுந்த மாய உருவம், மெக்டஃப் என்ற பிரபுவிடம் கவனமாயிரு என்றுதான் எச்சரித்தது. மெக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்ற செய்தி வருகிறது. எச்சரிக்கையில் வந்த மெக்டஃப் தன் கோட்டையில் இல்லை என்று தெரிந்தே அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்ல ஆளனுப்புகிறான். அதைச் சொல்லிக்கொடுத்த ஒரு வரியை, சூனியக்காரிகள் பேச்சிலோ மனைவி பேச்சிலோ, அடுத்து வரும் எதிரணியினர் காட்டட்டும்.