டிவியில படம் சுத்திக்கிட்டே இருக்கா? பிளானை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

திரையில்: டிவி நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம். பக்கத்தில் திறந்திருக்கும் லேப்டாப்.

குரல்: வணக்கம். லேப்டாப்ல பார்த்தா வீடியோ அருமையா ஓடுது. அதையே டிவிக்கு அனுப்பினா சுத்துது. நம்ம தர்மபுரி பக்கம் யாரைக் கேட்டாலும் "நெட்டு ஸ்லோங்க"ன்னு சொல்லிட்டு, பெரிய பிளானுக்கு மாறிடறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க. அந்த வீடியோவை டிவிக்குக் கொண்டு வர்றது யாரு? லேப்டாப்பா, இல்ல டிவியேவா?

திரையில்: யூடியூப் பிளேயரின் கீழ் ஓரம், பெரிதாக்கி.

குரல்: இங்க சின்னதா ஒரு பெட்டி, அதோட இடது கீழ் மூலையில வளைவு வளைவா கோடு. காஸ்ட் பட்டன். இதை அழுத்தி உங்க டிவி பேரைத் தொட்டீங்கன்னா, லேப்டாப் வீடியோவை அனுப்பறதே இல்ல. "இந்த வீடியோ, இந்த நிமிஷத்துல இருந்து"ன்னு டிவிக்குத் தகவல் மட்டும் போகும். மிச்சத்தை டிவியே ரௌட்டர்ல இருந்து இழுத்துக்கும். லேப்டாப் வெறும் ரிமோட்டுதான்.

திரையில்: குரோம் மேல் மூலையில் மூணு புள்ளி. 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்'. 'காஸ்ட்'. 'சோர்ஸஸ்'.

குரல்: இந்த வழியில போய் 'காஸ்ட் டேப்' கொடுத்தா, அதாவது குரோம்ல திறந்திருக்கிற அந்தப் பக்கத்தையே அனுப்பினா, கதையே வேற. லேப்டாப் வீடியோவை வாங்கி, ஓட்டி, திரையில தெரியறதைத் திரும்பவும் வீடியோவா சுருக்கி டிவிக்கு அனுப்பணும். தோட்டத்துல ஏத்தின மாங்கா லோடை நேரா காவேரிப்பட்டணம் மண்டிக்கு விடாம, நம்ம வீட்டு வாசல்ல இறக்கி, மறுபடி ஏத்தி அனுப்பற மாதிரி. ரௌட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு ஒரு தடவை, லேப்டாப்ல இருந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து டிவிக்கு ஒரு தடவை. ஒரே வீடியோவுக்கு வைஃபை மூணு நடை நடக்குது. பிளானைப் பெருசாக்கினா முதல் நடைக்கு முன்னாடி, வெளியில இருந்து ரௌட்டர் வரைக்கும் இருக்கிற ரோடுதான் அகலமாகும். வீட்டுக்குள்ள இருக்கிற நெரிசல் அப்படியேதான் இருக்கும். லேப்டாப்பை மட்டும் லேன் வயர்ல ரௌட்டரோட இணைச்சுப் பாருங்க, வைஃபைக்கு மூணுல ரெண்டு நடை குறைஞ்சிடும்.

காஸ்ட் பட்டன் இல்லாத சைட்டுக்கு மட்டும் இந்த டேப் வழி போதும்.

திரையில்: விண்டோஸ் கீயும் 'கே' எழுத்தும் சேர்த்து அழுத்தும் விரல்கள்.

குரல்: மூணாவது வழி மிராகாஸ்ட். வைஃபை தரத்தைப் பார்த்துக்கற கம்பெனிகளோட அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2012-ல கொண்டு வந்தது. ரௌட்டரைத் தொடாம லேப்டாப்பும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கும். டிவியில 'ஸ்கிரீன் மிரரிங்' இல்ல 'ஸ்கிரீன் ஷேர்'னு இருக்கும், அதைத் திறந்து வெச்சுட்டு, லேப்டாப்ல இந்த ரெண்டு கீயையும் அழுத்துங்க. விண்டோஸ் 8.1-ல இருந்துதான் இது உள்ளயே வருது. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வாங்கின மிஷின் இன்னும் விண்டோஸ் 7-லயே ஓடுதுன்னா, இதுல நேரத்தை வீணாக்காதீங்க, எச்டிஎம்ஐ வயரை மாட்டிடுங்க. மேக்புக் வெச்சிருக்கறவங்களுக்கு இதே வேலையைச் செய்யறது ஏர்பிளே.

டிவி ஸ்மார்ட் டிவி இல்லையா? எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா, அதுல சொருகி ஸ்மார்ட் டிவி மாதிரி ஆக்கிக்கற ஒரு ஸ்டிக் வாங்கினா போதும். குரோம்காஸ்ட்டைத் தேடி அலையாதீங்க, கூகுள் 2024-லயே அதைத் தயாரிக்கறதை நிறுத்திட்டாங்க.

திரையில்: "டிவைஸ் எதுவும் இல்லை" என்று காட்டும் லேப்டாப்.

குரல்: டிவி பேரே வரலையா? ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கான்னு பாருங்க. 'கெஸ்ட்' வைஃபையா இருந்தா பெரும்பாலும் ஒண்ணை ஒண்ணு பார்க்க விடாது. விண்டோஸ் வைஃபை செட்டிங்ஸ்ல 'பப்ளிக்'னு இருந்தா 'பிரைவேட்'டுக்கு மாத்துங்க. ஓசூர்ல இருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கறவங்களுக்குத் தனியா சொல்றேன்: ஆபீஸ் லேப்டாப்ல விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கோட தனி வழியில இணைக்கற சாஃப்ட்வேர், ஓடிட்டு இருந்தா, டிவி எதிர்லயே இருந்தாலும் அதுக்குத் தெரியாம போகலாம். ஆஃப் பண்ண விடலைன்னா சொந்த லேப்டாப்பை எடுங்க. ஆபீஸ் மிஷின்ல படம் பார்க்கறது எப்படியும் நல்லதுக்கில்ல.

திரையில்: வாசல் பக்கம் பரண் மேலே ரௌட்டர்.

குரல்: ஃபைபர் போட வர்ற தம்பி, வயர் வீட்டுக்குள்ள எங்க நுழையுதோ அங்கயே ரௌட்டரை மாட்டிட்டுப் போயிடுவாரு. டிவி ரெண்டு சுவர் தாண்டி உள்ள ரூம்ல இருக்கும். வைஃபையில ரெண்டு அலைவரிசை இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவரைத் தாண்டறதுக்குள்ள சோர்ந்துடும். 2.4 தாண்டும், ஆனா பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதுலதான் கூட்டம் போடும். டிவி இருக்கிற ரூமுக்கே ரௌட்டரை மாத்தச் சொல்லுங்க. கூட கொஞ்சம் வயர் செலவு, அவ்வளவுதான்.

போன் ஹாட்ஸ்பாட்ல பார்க்கறவங்க டேட்டாவையும் கவனிங்க. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டி-யில ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும். தினம் 2 ஜிபி பிளான்ல இடைவேளைக்குள்ளயே தீர்ந்துடும். யூடியூப்னா பல்சக்கரத்தைத் தட்டி 480-ல வைங்க.

கடைசியா, காசு கட்டிப் பார்க்கிற ஆப்பை குரோம் டேப்ல இருந்து அனுப்பும்போது சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பா இருந்தா, டிவி ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனியே போட்ட பூட்டு அது. டிவியில அந்த ஆப்பையே திறந்து லாகின் பண்ணுங்க, ஓடும்.