ஊர்பிகுஸின் கல்லறைக் கல்

நேயர்களுக்கு வணக்கம். கிளாடியேட்டர், அதாவது பழைய ரோமில் அரங்கில் சண்டையிட்ட வீரர், என்றதும் நம் கண்முன் வருவது மணல் பரப்பிய அரங்கம், கீழே விழுந்து கிடக்கும் ஒருவன், கட்டைவிரலைக் கீழே சாய்க்கும் பேரரசர். அந்த விரல் திரைக்கு வந்தது ஓர் ஓவியத்திலிருந்து. 1872இல் ழான் லியோன் ஜெரோம் வரைந்தது, ரிட்லி ஸ்காட் 2000இல் எடுத்த 'கிளாடியேட்டர்' படத்துக்கும் அதுதான் தூண்டுகோல். பழைய லத்தீன் வரிகளில் விரலைத் 'திருப்பினார்கள்' என்றுதான் இருக்கிறது, மேலா கீழா என்று இல்லை. அந்தப் படத்தில் அரங்கில் குத்துப்பட்டுச் சாகும் ரோமானியப் பேரரசர் கொம்மொடுஸை உண்மையில் 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு மல்யுத்த வீரன் கழுத்தை நெரித்துக் கொன்றான்.

சரி, அதெல்லாம் சின்ன விஷயம். படங்கள் ஒவ்வொரு சண்டையையும் பிணத்தோடு முடிக்கின்றன பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கையுஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் தன் பாடநூலில் ஒரு கணக்குச் சொல்கிறார்: வாடகைக்கு எடுத்த வீரன் காயமில்லாமல் திரும்பினால் ஆளுக்கு 20 தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு, செத்தாலோ ஊனமானாலோ 1000. ஐம்பது மடங்கு! இவ்வளவு செலவு வைக்கும் ஆளை யாரும் சும்மா சாகவிட மாட்டார்கள். சிசிலியில் கிடைத்த ஃபிளாம்மா என்ற சிரியாக்காரரின் கல்லறைக் கல்லில் 34 சண்டைகள் எழுதியிருக்கின்றன, 21 வெற்றி, 9 சமன், நான்கில் தோற்றும் உயிரோடு விட்டிருக்கிறார்கள். முப்பது வயதில் இறந்தார்.

அவர் செகுட்டோர் வகை வீரர். வலைவீசி வரும் எதிராளிக்கு எதிராக இறங்குகிறவர் என்பதால் வலை எதிலும் மாட்டாதபடி தலைக்கவசம் வழவழவென்று முட்டை மாதிரி இருக்கும், முகம் முழுக்க மூடி, பார்க்க இரண்டே சிறு துளைகள். மூச்சு முட்டும். சினிமாவில் கதாநாயகன் முகம் தெரிய வேண்டும், அதனால் அந்தக் கவசம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது.

அப்புறம், இத்தாலியின் மிலானில் இருக்கும் ஒரு கல். ஊர்பிகுஸ், ஃபுளோரன்ஸ்காரர், இவரும் செகுட்டோர்தான், 13 சண்டைகள், வயது 22. மனைவி லவ்ரிகியா ஏழு வருடம் கூட வாழ்ந்திருக்கிறார், அப்படியென்றால் பதினைந்து வயதிலேயே இவருக்குக் கல்யாணம். அந்தக் கல்லில் ஒரு எச்சரிக்கை வெட்டியிருக்கிறது: யாரை வென்றாலும் அவனைக் கொன்றுவிடு. முன்பு இவர் இரக்கப்பட்டு விட்டுவிட்ட ஒருவன் கையிலேயே இவர் செத்திருக்க வேண்டும் என்றுதான் அதை நான் படிக்கிறேன். கல்லை நிறுத்தியவர்கள் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். மகள்களில் ஒலிம்பியாஸுக்கு அப்போது ஐந்து மாதம்.