நாட்டுச் சோளம் சேகரிக்கும்போது பெரிய கதிரை மட்டும் எடுத்தால் போதுமா?

அடுத்த கேள்வி, மரபணு வங்கியில் (விதைகளைப் பாதுகாத்து வைக்கும் இடத்தில்) சேர்க்க நாட்டுச் சோள விதை சேகரிப்பது பற்றி. "சேகரிக்கப் போகிற வயலில் இருப்பதிலேயே பெரிய கதிர்களாகப் பார்த்து எடுத்தால் போதாதா? நூறு செடியிலிருந்து எதற்கு எடுக்க வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

போதாது. பெரிய கதிரைப் பொறுக்குவது அடுத்த விதைப்புக்காக விவசாயி செய்கிற வேலை. நாம் போவது அந்த வயலில் இருக்கிற எல்லாக் குணங்களையும் கொண்டுவர. சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தில்தான் காய்க்கும் என்றாலும், பக்கத்துச் செடியின் மகரந்தமும் கொஞ்சம் ஏறும். அதனால் ஒரே நாட்டு ரகத்துக்குள் உயரம், பூக்கும் நாள், மணியின் நிறம் எல்லாம் செடிக்குச் செடி மாறும். வரப்போரத்தை விட்டுவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அழகு பார்க்காமல், 50 முதல் 100 செடி வரை, செடிக்கு ஒரு கதிரிலிருந்து கொஞ்சம் மணி எடுங்கள். துணிப்பையில் போடுங்கள். பாலிதீன் பையில் ஈரத்தோடு கட்டினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். வித்தியாசமான செடி ஏதும் கண்ணில் பட்டால் அதற்குத் தனிப் பை, தனி எண்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி இனச் சோளத்தைப் பாருங்கள். கதிர் உதிரி உதிரியாகத் தொங்கும், பார்க்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் வடிந்து காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும், மணியில் பூஞ்சணம் குறைவு. நெருக்கமான பெரிய கதிர் அந்த மழையில் கறுத்துப்போகும்.

எத்தியோப்பியாவில் கிடைத்த ஐஎஸ் 12555 என்ற துர்ரா இனச் சோளமும் அப்படித்தான். அதிலிருந்து உருவாக்கிய பி35 என்ற சோள வகை விளைச்சலில் சுமார்தான். ஆனால் பூத்த பிறகு வறட்சி வந்தாலும் இலை பச்சையாகவே நிற்கும். அந்தக் குணத்தைத்தான் பல நாடுகளில் புதிய ரகங்களுக்குள் ஏற்ற முயல்கிறார்கள். விளைச்சலை மட்டும் பார்த்திருந்தால் இது கைவிட்டுப் போயிருக்கும், அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அப்புறம், விதை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். விதைப்பவரிடமும் சமைப்பவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். தட்டையை மாடு விரும்பித் தின்கிறதா, பறவை அண்டுகிறதா, எந்த மண்ணில் போடுகிறார்கள், எத்தனை நாள் பயிர் என்று கேட்டு அங்கேயே எழுதுங்கள். இந்த விவரம் இல்லாத விதை, பயிர் மேம்பாட்டாளர் கையில் வெறும் எண்தான். விதை தருகிற விவசாயிகளின் சம்மதமும் அந்நாட்டுச் சட்டப்படியான அனுமதியும் கட்டாயம் வேண்டும்.

"வங்கியில்தான் ஏற்கெனவே நிறைய இருக்கிறதே" என்றும் கேட்டிருக்கிறார். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கியில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் யாரும் போகாத பகுதிகள் உண்டு. மரபணு வங்கிகளின் மாதிரிகளைப் பட்டியலிடும் ஜெனசிஸ் (Genesys) இணையதளத்தில் எந்த மாதிரி எங்கே எடுத்தது என்று பார்க்கலாம். பயணத்துக்கு முன் அதைப் பார்த்து, இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்.