கிட்டங்கிக்குள் ஒரு முற்றம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பருத்தித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ கடற்கரை வீதியால் போகும்போது, வீதிப்பக்கம் யன்னலே இல்லாத, பெரிய இரட்டைக் கதவு பூட்டிக் கிடக்கிற பழைய கிட்டங்கிகளை, அதாவது பண்டகசாலைகளை, கண்டிருப்பீர்கள். திருவிதாங்கூருக்குத் தோணியேறிய யாழ்ப்பாணப் புகையிலையைக் கட்டிக் காத்த வகைக் கட்டடங்கள் அவை. அவற்றை இடித்துத்தான் வீடு கட்டவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். இடிக்காமலே நல்ல வீடாக்கலாம் என்று வலியுறுத்தவே இன்று வந்திருக்கிறேன்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் 1873இல் கட்டி முடிந்த 'பட்லர்ஸ் வார்ஃப்' என்னும் பெரும் பண்டகசாலை 1972இல் மூடப்பட்டு, பின்னர் அடுக்குமாடி வீடுகளாயிற்று. அங்கே மாடிமேல் மாடியாதலால் வெளிச்சத்துக்குப் பக்கச் சுவர்களையே நம்பவேண்டும். நம்முடையவையோ பெரும்பாலும் ஒரே தளம். ஆகவே நாம் கூரையைத் திறக்கலாம். நாற்சார் வீட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று: நடுவில் ஓடுகளை இறக்கி ஒரு முற்றம் விட்டால், வெயில் பட்டுச் சூடேறும் உட்காற்று மேலெழுந்து போகும், சுற்றிவர அறைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் ஓடுகளையும் சிலாகைகளையும் எடுக்கலாமேயன்றி, சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் பனந்தீராந்திகளை, அதாவது பனைமர உத்திரங்களை, வெட்டக்கூடாது. கூரையின் பாரம் வெளியே தள்ளும்போது இரு சுவர்களையும் விலகவிடாமல் பிடித்திருப்பவை அவைதாம்.

இனிச் சுவருக்கு வருகிறேன். இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தீராது. என் பெரியப்பா தமது புகையிலைக் கிட்டங்கியை மகளுக்கு வீடாக்கியபோது, சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூசுவித்தார். பார்வைக்குப் பளபளவென்றிருந்தது. இரண்டாவது மாரி கழியுமுன் முழங்கால் உயரம்வரை பூச்சுப் பொருமி, பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அயலூரிலிருந்து வந்த முதிய மேசன் ஒருவர், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கல் மாரியில குடிச்ச தண்ணியைக் கோடையில விட வேணும் தம்பி, நீங்கள் வழியை அடைச்சுப் போட்டியள்" என்று என்னிடம் சொன்னார். நிலத்து ஈரம் சுண்ணக்கல்லினூடாக உப்பையும் கொண்டு ஏறுகிறது. சுண்ணாம்பு அந்த ஈரத்தைக் காற்றில் உலரவிடும், சீமெந்து உள்ளே மறிக்கும். அந்த மேசன் சீமெந்தை முழுவதும் கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பால் பூசினார். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. தயவுசெய்து மறவாதீர்கள்: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச்சு.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. மின்சாரத்தையும் பங்காளிகளுடைய காணி உறுதிப் பத்திரங்களையும் பற்றிப் பேச இயலவில்லை. ஒன்றை மட்டும் விட்டுப் போகமாட்டேன். கிட்டங்கியில் மலசலகூடம் இருந்திராது; புதிதாகக் கட்டும்போது வெறுங்குழி வெட்டாதீர்கள். நமது சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகள் அதிகம்; கழிவு நீர் அவற்றின் வழியே கிணற்றுக்கு விரைவில் போய்ச் சேரும். அடியும் பக்கமும் கசியாத தொட்டி கட்டி, நிரம்பும்போது பவுசர் என்னும் தாங்கி வண்டியை வைத்து இறைப்பியுங்கள். அந்தத் தொட்டிக்குரிய இடத்தை, முற்றத்துக்கு ஓடு இறக்கும் முன்னரே கிணறுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கிணற்றை மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும்.

வணக்கம்.